உயிரோடு இருக்கிற அக்காவுக்கு ஓராண்டு நினைவஞ்சலி

1

இன்று காலை வேலைக்குக் கிளம்புவதற்கு முன் மின்னஞ்சலைத் திறந்தேன். ஒரு கடிதம் வந்திருந்தது.

"அன்புடையீர், தங்கள் பாசத்துக்குரிய பாக்கியம் அவர்களின் முதலாம் ஆண்டு நினைவு நாள் நெருங்குகிறது. அன்னாரின் நினைவுகளை உலகெங்கும் வாழும் உறவுகளோடு பகிர்ந்துகொள்ள எங்கள் தளத்தில் சிறப்புச் சலுகையில் இடம் ஒதுக்கியுள்ளோம்."

கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 'நினைவஞ்சலி வெளியிட' என்றும், மற்றதில் 'பிறகு நினைவூட்டவும்' என்றும் இருந்தது.

பாக்கியம் என் கூடப்பிறந்த அக்கா. நான் டொரொண்டோவில் இதைப் படித்த நேரத்தில் அவள் அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, வரிசை வீடான லயத்துக்கு வந்து கைகால் கழுவியிருப்பாள். நல்ல சுகமாக இருக்கிறாள். முழங்காலில் கொஞ்சம் வலி, அவ்வளவுதான்.

யார் மீதாவது கோபப்படலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. அந்தக் கடிதத்தின் ஒவ்வொரு சொல்லையும் எழுதியவன் நான்தான். 'அன்னாரின்' என்று போட்டால் மரியாதையாக இருக்கும் என்று ஒரு மத்தியானம் முழுக்க யோசித்துப் போட்டேன். இரண்டு பொத்தான் போதும் என்று சொன்னவனும் நானே.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இது எப்படி நடந்தது என்று சொல்லத்தான் வேண்டும். எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

2

தொண்ணூறுகளின் நடுவில் நான் பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேஷனில் வேலை பார்த்தேன். கொமினிகேஷன் என்றால் கண்ணாடிக் கதவு போட்ட மூன்று கூண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு தொலைபேசி, ஒரு ஃபாக்ஸ் மெசின், ஒரு ஃபோட்டோ கொப்பி மெசின். அன்றைக்குப் பதுளையில் மூன்று மாதத்துக்கு ஒரு கொமினிகேஷன் முளைத்தது. முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், தபால் கந்தோரில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வியாபாரம் நூறு வருடம் நிற்கும் என்று நம்பினார். நானும் நம்பினேன்.

தோட்டத்துப் பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கிய காலம். அங்கிருந்து கடைக்குக் கோல் எடுத்து, "இன்ன தோட்டத்து இன்னாரை வர்ற ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வரச் சொல்லுங்க" என்பார்கள். நான் ஒரு துண்டில் எழுதி பஸ் கண்டக்டரிடம் கொடுப்பேன். அது எப்படியோ கைமாறிக் கைமாறி உரிய லயத்துக்குப் போய்ச் சேரும். ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பமே குளித்து உடுத்தி வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கும். கூண்டுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றி வெளியே விடுவார்கள். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

அந்தத் துண்டில் தோட்டத்தின் பெயரைச் சரியாக எழுதுவதுதான் என் தொழிலின் நுணுக்கம். எங்கள் பக்கத்தில் எந்தத் தோட்டத்துக்கும் இரண்டு பெயர். வெள்ளைக்காரன் வைத்த ஆங்கிலப் பெயர் பலகையிலும் பதிவேட்டிலும் இருக்கும். நம்மவர்கள் வைத்த தமிழ்ப் பெயர் வாயில் இருக்கும். ஒரே தோட்டத்துக்குள் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று பிரிவுகள் வேறு. கந்தோரில் ஒரு பெயர் சொல்வார்கள், கண்டக்டருக்கு இன்னொரு பெயர் சொன்னால்தான் விளங்கும். எங்கள் ஊவா மாகாணத்தில் எந்த ஆங்கிலப் பெயருக்கு எந்தத் தமிழ்ப் பெயர் என்று எனக்கு மனப்பாடம். முதலாளி என்னை வேலைக்கு வைத்திருந்ததே அதற்காகத்தான். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

கொமினிகேஷன் வருவதற்கு முன்பு சாவுச் செய்தியை ஆள்தான் கொண்டு போவான். அதைக் கேதம் சொல்லப் போவது என்போம். கேதம் சொல்லப் போனவன் பெயர்க் குழப்பத்தில் ஆளை மாற்றிச் சொல்லிவிட்டால் எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. செத்ததாகச் சொல்லப்பட்டவரின் வீட்டுக்கு அவன் நேரில் போக வேண்டும். அவர் கையால் ஒரு கவளம் சோறு வாங்கிச் சாப்பிட வேண்டும். அதோடு தோஷம் கழிந்தது, யாரும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது கொஸ்லந்தைக்குக் கேதம் சொல்லப் போன ஒருவர் இப்படி மாற்றிச் சொல்லிவிட்டு, மறுநாள் கொட்டுகிற மழையில் நடந்து போய்ச் சாப்பிட்டு வந்தார். கறி நன்றாக இருந்தது என்று வேறு சொன்னார்.

3

கனடாவுக்கு வந்த கதையை விட்டுவிடுகிறேன். எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

இங்கே வந்ததும் தொலைபேசி அட்டை விற்கும் கடையில் நின்றேன். புலி படம், மயில் படம், கோவில் கோபுரம் என்று விதவிதமாக அட்டைகள். சுரண்டினால் ஓர் இலக்கம் வரும், அதை அமுக்கினால் அப்புத்தளை பேசும். அக்கா ஒன்றுவிட்ட ஞாயிறு அப்புத்தளை டவுனில் உள்ள கொமினிகேஷனுக்கு வருவாள். அவள் கணவன் செத்து வெகுநாள். மகள் சாந்தி மட்டும்தான். அக்கா தொலைபேசியில் பேசுவதே இல்லை, கத்துவாள். கனடா தூரம் என்பதால் கத்தினால்தான் கேட்கும் என்பது அவள் எண்ணம்.

பிறகு அட்டை வியாபாரம் விழுந்தது. இணையத்தளங்கள் வந்தன. தவம் அண்ணன் என்று ஒருவர் தன் வீட்டு நிலக்கீழ் அறையில் ஒரு செய்தித் தளம் தொடங்கி, தட்டச்சுத் தெரியும் என்பதால் என்னைப் பகுதி நேரமாகச் சேர்த்துக்கொண்டார். அவரும் யாழ்ப்பாணத்தார், நல்ல மனிதர். என் வாழ்க்கையில் நான் செய்த எல்லாத் தவறும் நல்ல மனிதர்களோடு சேர்ந்து செய்ததுதான்.

தமிழ் இணையத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். அரசியல் கட்டுரையும் கவிதையும் அதை ஒருநாளும் சுமக்கவில்லை. சுமந்தது மரண அறிவித்தல். மக்கள் காலையில் எழுந்ததும் முதலில் போய்ப் பார்க்கும் பக்கம் அதுதான். சிதறிப்போன சனம், யார் போனார் என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை. ஒரு சாவுக்கு அறிவித்தல், முப்பத்தோராம் நாள், ஓராண்டு நினைவு என்று மூன்று விளம்பரம் வரும். மறந்துபோகிறவர்களுக்கு நினைவூட்டல் கடிதம் தானாகவே போகிற மாதிரி ஓர் ஏற்பாட்டைச் சொன்னவன் நான். தவம் அண்ணன் என் முதுகில் தட்டினார்.

இதற்கிடையில் அக்காவுக்கு ஒரு கைத்தொலைபேசி வாங்கி, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். இனி எந்நேரமும் பேசலாம் என்று பெருமை. லயத்தில் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டி இருக்கிற மேட்டுக்கு ஏறினால்தான் வரும். என்னைப் போல நாலு பேர் நாலு தொலைபேசி அனுப்பியதில் அப்புத்தளைக் கொமினிகேஷன் மூடப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை நிச்சயமாகக் கிடைத்த அக்கா, அதன் பிறகு எந்நாளும் கிடைக்கலாம் என்ற ஆளாக ஆகிவிட்டாள். அப்படி என்றால் பெரும்பாலும் கிடைக்க மாட்டாள் என்று அர்த்தம்.

4

போன வருடம் ஊரில் விடாத மழை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் தவம் அண்ணன் ஓர் ஆங்கிலச் செய்தியை என் முன்னால் வைத்தார். ஊவாவில் ஒரு தோட்டத்தின் லயத்தின் மேல் மண் சரிந்துவிட்டது, ஆட்கள் புதைந்திருக்கலாம் என்று இரண்டே வரி. தோட்டப் பிரிவின் ஆங்கிலப் பெயர் இருந்தது.

அந்தப் பெயருக்குத் தமிழில் எங்கள் மேல்கணக்கு. மேல்கணக்கில் மலைக்கு அடியில் இருப்பது ஐந்தாம் லயம் ஒன்றுதான். அக்காவின் லயம்.

அக்காவின் தொலைபேசிக்கு அடித்தேன், போகவில்லை. மூடிப்போன கொமினிகேஷனின் இலக்கத்துக்குக்கூட அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஐசே, உம்மடை இடமல்லோ. நீர்தான் எழுத வேணும். இன்னும் ஒருத்தரும் போடேல்லை" என்றார் தவம் அண்ணன். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உமக்கு ஏலாட்டி விடும், நான் எழுதுறன்" என்றார்.

நானே எழுதினேன். ஏன் எழுதினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்தது, எனக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான். மேல்கணக்கு ஐந்தாம் லயம் என்று எழுதினேன். படம் இருந்தால்தான் செய்தியைத் திறப்பார்கள், என்னிடம் அந்த லயத்தின் படம் ஒன்றே ஒன்று இருந்தது. வாசலில் அக்கா கூடையோடு நிற்கிற படம். அதைப் போட்டு, கீழே 'இந்த லயத்தில் வசித்த பாக்கியம் உட்படப் பலரின் கதி தெரியவில்லை' என்று எழுதினேன்.

ஞாயிறும் தொடர்பு கிடைக்கவில்லை. அதற்குள் ஏழெட்டுத் தளங்கள் என் செய்தியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தன. ஒன்றில் 'கதி தெரியவில்லை' என்பது 'பலியானார்' என்று மாறியிருந்தது. அதைப் பார்த்த தவம் அண்ணன் எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, என்னிடம் கேட்காமல், என் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து அக்காவுக்கு ஒரு மரண அறிவித்தல் பக்கம் திறந்துவிட்டார். "உமக்காகச் சும்மா போட்டனான், காசு வேண்டாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதேன். நன்றி என்றும் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை என் தொலைபேசி அடித்தது.

"டேய் ராசு! நான் செத்துட்டேனாமே?"

தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்று அக்கா கத்தினாள்.

"பஸ் கண்டக்டர் சொல்றான், கம்பியூட்டர்ல என் போட்டோ வந்திருக்காம். காலைல பேரு குடுக்கிற பெரட்டுக் களத்துல எல்லாருஞ் சிரிக்கிறாளுக. யாருடா போட்டது?"

5

நடந்தது இதுதான். நான் வந்த பிறகு தோட்டம் கம்பெனிக்குக் கம்பெனி கைமாறியிருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தையும் சேர்த்து ஒன்றாக்கிய கம்பெனி, பிரிவுகளின் பலகைகளை மாற்றி நட்டுவிட்டது. எங்கள் மேல்கணக்கின் ஆங்கிலப் பெயர் இப்போது மலைக்கு அந்தப் பக்கம் உள்ள வேறொரு பிரிவுக்கு. என் மனப்பாடம் பதினைந்து வருடம் பழையது.

மண் சரிந்தது அங்கே. ஒரு புருஷனும் பெண்சாதியும் உண்மையாகவே புதைந்து செத்தார்கள். அவர்களின் பெயரை நானும் எழுதவில்லை, வேறு யாரும் எழுதவில்லை. நான் திருத்தம் போட்ட அன்று தளத்தில் சினிமாச் செய்தி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. திருத்தத்தை யாரும் திறக்கவில்லை.

இத்தோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். சாந்தி இருந்தாளே.

அக்காவின் மகள் சாந்தி அப்போது குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். இன்னும் ஐந்து மாதம் இருந்தால் ஒப்பந்தம் முடியும். கொஸ்லந்தைப் பக்கம் ஒரு துண்டு நிலம் பார்த்து வைத்திருந்தாள். அம்மாவை லயத்திலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும், அது ஒன்றே அவள் எண்ணம். அந்த வீட்டுக்குக் கீழே ஒரு பலசரக்குக் கடை. அங்கே வேலை பார்த்த தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இணையத்தில் படத்தைப் பார்த்து, இது நம்ம சாந்தியின் ஊராச்சே என்று பிரதி எடுத்து, ரொட்டிப் பையோடு வைத்துக் கொடுத்துவிட்டார். அவரும் நல்ல மனிதர்தான்.

அக்கா பேசிய அன்றே நான் அந்தக் குவைத் வீட்டுக்கு எத்தனையோ தடவை அடித்தேன். ஒரு பெண் எடுப்பாள், அரபியில் ஏதோ சொல்வாள், வைத்துவிடுவாள். பதுளையில் ஊருக்கெல்லாம் தகவல் சேர்த்தவன், என் சொந்த மருமகளுக்கு 'உன் அம்மா உயிரோடு இருக்கிறாள்' என்ற ஒற்றை வரியைச் சேர்க்க முடியவில்லை.

சாந்தி அழுது, சாப்பிடாமல் கிடந்து, ஊருக்கு அனுப்பச் சொல்லி வீட்டுக்காரர் காலில் விழுந்திருக்கிறாள். ஒப்பந்தத்தை முறித்து அனுப்பிவிட்டார்கள். பதுளை ரயிலில் வந்து அப்புத்தளையில் இறங்கி, தோட்டத்து வளைவிலிருந்தே ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்த அக்கா, யார் வீட்டில் கேதம் என்று பார்க்க வெளியே வந்தாளாம்.

முறித்துக்கொண்டு வந்தவளைத் திரும்ப அனுப்ப முடியாது என்று ஏஜென்சி சொல்லிவிட்டது. நிலத்தை வேறு யாரோ வாங்கினார்கள். சாந்தி இப்போது அம்மாவோடு மலைக்குப் போகிறாள், கொழுந்து எடுக்க. எது வேண்டாம் என்று போனாளோ அதற்கு. அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. தாய்மாமன் நான். அவள் சடங்குக்கு முதல் தண்ணீர் ஊற்றியவன். அக்காவோடு பேசும்போது பக்கத்தில் அவள் இருமுவது கேட்கும், அவ்வளவுதான்.

அக்கா மட்டும் ஒன்றையே சொல்கிறாள்.

"நீ வேணும்னு செஞ்சியாடா? கேதம் மாத்திச் சொன்னா என்ன செய்யணும்னு ஒனக்குத் தெரியாதா? வந்து என் கையால ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போ. எல்லாஞ் சரியாப் போகும். அவளும் பேசுவா."

6

எப்படிப் போவது? என் கையில் இருப்பது அகதிகளுக்கான பயணப் பத்திரம். எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. குடியுரிமை கிடைத்தால் போகலாம். அந்த விண்ணப்பம் நிற்கிற இடத்தைக் கேளுங்கள். வந்த புதிதில் அதிகாரி பிறந்த இடம் எது என்று கேட்டபோது வாயில் வந்த தமிழ்ப் பெயரைச் சொன்னேன். பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலப் பெயர். இரண்டும் ஒரே இடம் என்று நிரூபிக்கச் சொல்கிறார்கள். தோட்டக் கந்தோருக்கு எழுதினால், அந்தப் பெயரில் மலைக்கு அந்தப் பக்கம்தான் ஒரு பிரிவு இருக்கிறது என்று பதில் வருகிறது.

அக்காவின் மரண அறிவித்தல் பக்கமும் அப்படியே. தவம் அண்ணன் அதை அன்றே எடுத்துவிட்டார். பிறகு தளத்தை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றார். கம்பெனி பழைய பிரதி ஒன்றை எடுத்து ஏற்றியதில் அக்கா மறுபடியும் செத்துப்போனாள். பக்கத்தை நீக்கச் சொல்லி எழுதினேன். இறப்புச் சான்றிதழின் இலக்கம் கேட்டார்கள். ஆள் இறக்கவே இல்லை என்றேன். அப்படியானால் உயிருடன் இருப்பதற்கு அத்தாட்சி தாருங்கள் என்றார்கள்.

அக்கா இதற்காக ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கிராம சேவகரிடம் போனாள். அவர் சிரித்தாராம்.

"அம்மா, செத்த ஆளுக்குத்தான் நான் கடிதம் குடுக்கிறது. உயிரோட இருக்கிற ஆளுக்கு என்னத்துக்குக் கடிதம்? நீங்க முன்னுக்கு நிக்கிறீங்க தானே."

கடைசியில் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தார். கம்பெனி ஆங்கிலத்தில் கேட்டது. மொழிபெயர்த்து அனுப்பினேன். கடிதத்தில் பாக்கியலெட்சுமி என்றும் பக்கத்தில் பாக்கியம் என்றும் இருக்கிறது, தோட்டத்தின் பெயரும் ஒத்துவரவில்லை, ஆகவே இவர் வேறொருவர் என்று முடிவு செய்திருக்கிறோம் என்று பதில் வந்தது. எங்கள் அனுதாபங்கள் என்று முடித்திருந்தார்கள்.

என் மகள் அபிக்குப் பதின்மூன்று வயது. அவளுக்கு இது பெரிய வேடிக்கை. "அப்பா, அத்தையோட பேஜ்ல நானூறு பேர் மெழுகுதிரிப் படம் வச்சிருக்காங்க. அத்தை ஃபேமஸ்" என்றாள். திட்டினேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. அத்தையை அவள் பார்த்ததே அந்தப் பக்கத்தில்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

7

இந்தக் கடிதம் வந்ததற்கு முந்தைய ஞாயிறன்று ஒரு விஷயம் நடந்தது.

அப்புத்தளையில் பழைய கொமினிகேஷன் இருந்த அதே அறையில் இப்போது ஒரு இன்டர்நெட் கடை. முகம் பார்த்துப் பேசலாமாம். அக்காவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இங்கே எங்கள் வீட்டில் அபிதான் ஏற்பாடு செய்தாள். காலை எட்டு மணிக்கு கணினி முன்னால் உட்கார்ந்தோம்.

அக்கா வந்தாள். பதினைந்து வருடத்துக்குப் பிறகு அசைகிற அக்கா. முடி முழுக்க நரைத்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். பின்னால், கதவுப் பக்கமாக, எங்களைப் பார்க்காமல் சாந்தி நின்றாள்.

அக்கா மடியிலிருந்து ஒரு சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தாள். திறந்தாள். சோறு, பருப்பு, மேலே கருவாடு. பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். பிசைந்து, ஒரு கவளம் உருட்டி, கேமராவுக்கு நேராக நீட்டினாள்.

"வாயத் தொறடா."

கடைக்காரர், "அம்மா, சாமானுக்கு மேல சிந்தாதீங்க" என்று எங்கிருந்தோ சொன்னார்.

"தொறடா, ராசு."

திறந்தேன். ஐம்பதை எட்டப்போகிறவன், என் மகளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒரு கண்ணாடித் திரைக்கு முன்னால் வாயைத் திறந்தேன். படம் நின்றுவிட்டது. அக்காவின் கை பாதி வழியில் நின்றது. கவளத்திலிருந்து ஒரு பருக்கை விழப் பார்த்து, விழாமல் நின்றது. மழையாயிருக்கும், கரண்ட் போயிருக்கும். திரும்ப வரும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். அபி என்னைப் பார்த்தாள். எழுந்துபோய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

ஒரு மணி நேரம் கழித்துத் தொலைபேசி அடித்தது. அக்காவின் இலக்கம். எடுத்தால் அக்காவின் சத்தம் இல்லை. காற்றுச் சத்தம், பிறகு ஓர் இருமல்.

"மாமா."

ஒரு வருடம் ஆகியிருந்தது அந்தச் சொல்லைக் கேட்டு.

"சொல்லும்மா."

"அம்மா சொல்லச் சொல்லுச்சு. இது கணக்குல சேராதாம். நேருல வரணுமாம்." மறுபடி இருமினாள். "சோத்த நான் சாப்ட்டேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

கோபமாகச் சொன்னாளா, என் பங்கை எனக்காக அவள் சாப்பிட்டதைச் சொன்னாளா, தெரியவில்லை. திரும்ப அடித்தேன். சிக்னல் இல்லை.

அந்தக் கடிதம் இப்போதும் திரையில் திறந்திருக்கிறது. வேலைக்கு நேரமாகிவிட்டது. 'இவர் உயிரோடு இருக்கிறார்' என்று ஒரு பொத்தானை அன்றைக்கே வைத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. மூடினால் நாளைக்கும் வரும். ஆகவே 'பிறகு நினைவூட்டவும்' என்பதை அமுக்கினேன். 'தங்கள் துயரில் பங்குகொள்கிறோம்' என்று வந்தது. அதையும் நான்தான் எழுதினேன்.